உப்பின் மேல் வெந்த ஆரஞ்சு பிஸ்கட்

இல்லை அண்ணி, நம் வீட்டில் செய்யவில்லை. பக்கத்தில், செல்வி அக்கா வீட்டில்தான். சாயங்காலமே முடிந்துவிட்டது. இருந்தும் விரல் நுனியில் ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டாவது முறை கழுவப் போய், நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் மாதத்தில் இப்படி மணப்பது உங்கள் கை. அது என் கையாக இருப்பது எனக்குப் பழகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உப்பளம் முழுக்க மழைத்தண்ணீர். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. வேலை இல்லாத மாதங்கள். அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா நாள் முழுக்க முறத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், புடைத்த அரிசியையே மறுபடி புடைக்கிறாள். வாசலில் இந்த வருடம் நட்சத்திரம் கட்டவில்லை. துக்க வீடு.

ஆகஸ்டில் நீங்கள் போனீர்கள். காய்ச்சலில் தொடங்கியது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னிடம் வாக்கியம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதலாம். வீட்டில் உங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மா பேசாததால் அண்ணன் பேசுவதில்லை. அண்ணன் பேசாததால் நானும். ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால் மழை, ரேஷன், ஜெனியின் பரீட்சை. உங்கள் பெயர் வர வேண்டிய இடத்தில் அம்மா இருமுவாள். எட்டு வயதில் உங்கள் மகள் ஜெனி இதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். மம்மியைப் பற்றி என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தெருவுக்கு வந்துதான் கேட்கிறாள்.

லீவுக்கு நான் வந்த அன்று பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கும்போது கேட்டாள்.

"அத்தே, இந்தக் கிறிஸ்மஸ்க்கு மம்மி பிஸ்கட்டு வராதா?"

செய்ய மாட்டீர்களா என்று அவள் கேட்கவில்லை. பறவைகள் வருவதுபோல, மழை வருவதுபோல, அதுவாக வரும் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறாள்.

அம்மாவை மனதில் வைத்து, "ஆயாகிட்ட கேப்பமா?" என்றேன்.

"வாணாம். ஆயா அழுவும்."

நீங்கள் முதல் தடவை அதைச் செய்ததும் ஒரு துக்க வருடத்தில்தான், நினைவிருக்கிறதா? அப்பா இறந்த வருடம். நீங்கள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. முறுக்கு இல்லை, அதிரசம் இல்லை. அக்கம்பக்கத்தார் தட்டில் வைத்துக் கொண்டுவருவதுதான் பண்டிகை. அம்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நீங்கள் அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டீர்கள்.

"சட்டிதானே அத்தே வெக்கக் கூடாது? எண்ணெயே இல்லாம ஒண்ணு செய்யறேன். அது பரவால்லியா?"

அம்மா பதில் சொல்லவில்லை. நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் வழக்கம் அது.

கல்யாணத்துக்கு முன் உங்கள் ஊர் இரும்பையிலிருந்து சைக்கிள் மிதித்து இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போனீர்கள். பாக்கெட் போடும் வேலை. ஓவன் இருந்த அறை வேறு, பாக்கிங் பெண்கள் அங்கே போக முடியாது. சுவரைத் தாண்டி வந்த வாசனையை வைத்தே உள்ளே என்னென்ன போடுகிறார்கள் என்று கண்டுபிடித்தீர்களாம். ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, சுக்கு. மற்றதெல்லாம் ஊகம். அந்த ஊகத்தோடு நம் வீட்டு அடுப்படிக்கு வந்தீர்கள்.

நம் வீட்டில் ஓவன் ஏது. இட்லிக் குண்டானின் அடியில் கனமாக உப்பைப் பரப்பினீர்கள். அதன்மேல் கம்பி ஸ்டாண்டு, அதன்மேல் பிஸ்கட் தட்டு, இறுக்கமாக மூடி. உப்பு சூட்டைப் பிடித்து மேலே கொடுக்கும் என்று போனில் பார்த்திருந்தீர்கள். போனில் காட்டியவர்கள் கடையில் வாங்கிய காய்ந்த உப்பைக் கொட்டியிருப்பார்கள். மரக்காணத்தில் உப்பைக் கடையில் வாங்குவது யார்? அண்ணனை அனுப்பி, உப்பளத்தில் ஓலை போட்டு மூடியிருந்த அம்பாரக் குவியலிலிருந்து ஒரு வாளி அள்ளி வரச் சொன்னீர்கள். அத்தனை நாள் மழை பெய்திருந்தது. உப்பில் ஈரம் இருக்குமே என்று உப்பிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் மூன்று பேரும் நினைக்கவில்லை.

குண்டான் சூடானதும் உள்ளே வெடிக்க ஆரம்பித்தது. படபடவென்று. மூடி குதித்தது. அண்ணன் வெளியிலிருந்து ஓடி வந்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "கேஸ மூடுடி, கேஸ மூடு!" என்று கத்தினாள். நீங்கள் கரண்டியால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"ஒண்ணும் இல்ல அத்தே. உப்பு பேசுது, அவ்ளோதான்."

உங்கள் கண்ணில் பயம் இருந்தது. குரலில் இல்லை.

திறந்தபோது ஆவி. ஈர உப்பின் ஆவியில் பிஸ்கட் அவிந்துபோயிருந்தது. சிவக்கவில்லை, மொறுமொறுப்பும் இல்லை. வெள்ளையாக உப்பி, தொட்டால் அமுங்கியது. அண்ணன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா இது, ஆரஞ்சு இட்லியா? சட்னி எங்க?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு முதல் சிரிப்பு. உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் பார்க்காததுபோல் உப்பைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நீங்கள் அண்ணனோடு வந்த ஒருவர். அன்றைக்கு எனக்கும் யாரோ ஆனீர்கள்.

மறு வருடத்திலிருந்து வெறும் உப்பை முதலில் வறுத்தீர்கள். அடுப்பின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பீர்கள். நான் அவசரப்படுத்தினால், "இரு பாப்பா. அது பேசி முடிக்கட்டும்." வறுத்த உப்பைக் கொட்டவும் இல்லை. பெயிண்ட் வாளியில் மூடி வைத்து அடுத்த கிறிஸ்மஸுக்கு எடுத்தீர்கள். வருடத்துக்கு வருடம் அது சாம்பல் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நம்ம ஊரு உப்பு லாரி லாரியாப் போவுது. இவ ஒரு வாளி உப்ப ஊறுகா மாதிரி எடுத்து வெக்கிறா," என்பாள் அம்மா. யாராவது வந்தால் அந்த வாளியைக் காட்டாமலும் இருக்க மாட்டாள்.

எனக்குக் கொடுத்த வேலை பழம் தேய்ப்பது. தோல் உரிக்காத கமலா ஆரஞ்சைக் கேரட் துருவியில் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். "வெள்ளைய தொடாத, கசந்துடும்." மேல்தோல் போன பழம் தாங்காது, அன்றே தின்றாக வேண்டும். பிஸ்கட் சுடும் நாளில் வீடே ஆரஞ்சு தின்றது. அண்ணன் கொட்டையை வாசல்படிக்குக் குறிபார்த்துத் துப்புவார். நீங்கள் விளக்குமாற்றைக் காட்டுவீர்கள்.

போன வருடம் கடைசித் தட்டை இறக்கும்போது சொன்னீர்கள், அடுத்த தடவை செல்வி அக்கா மரத்து நார்த்தங்காய்த் தோலைப் போட்டுப் பார்க்கலாம் என்று. இன்றைக்கு அந்த மரத்தில் காய் இருந்தது. நான் பறிக்கவில்லை. அது உங்களோடு சேர்ந்து செய்ய வேண்டிய காரியம்.

லீவுக்கு வந்த மறுநாள், உங்கள் வாதத்தையே எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"சட்டிதானேம்மா வெக்கக் கூடாது. அதுல எண்ணெயே இல்லியே."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "சட்டியப் பத்தி இப்ப யாருடி பேசுனது?"

"அப்புறம் என்னா?"

"அந்த வாசன இந்த வூட்டுக்குள்ள வரக் கூடாது." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "வந்துச்சின்னா நான் அடுப்படியத் திரும்பிப் பாப்பேன். அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

யாரும். அப்போதும் உங்கள் பெயர் இல்லை.

ஜெனிக்கு அந்த வாசனை வேண்டும். அம்மாவால் அதைத் தாங்க முடியாது. இரண்டு பேரும் உங்களைத்தான் கேட்கிறார்கள். படிப்புக்காக, துக்கத்தைப் பற்றிய புத்தகங்களில் நிறைய அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு துக்கம் எதிரெதிரே உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் என்ன செய்வது என்று படித்த ஞாபகம் இல்லை.

வழி சொன்னது செல்வி அக்கா. உங்களோடு ஒரே பாத்தியில் உப்பு வாரியவர். தீபாவளிக்கு அவர் தட்டு நமக்கும் கிறிஸ்மஸுக்கு நம் தட்டு அவருக்கும் சுவர் தாண்டிப் போய்வந்தது உங்களால்தான். குழாயடியில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், சொன்னேன்.

"எங்க வூட்ல வந்து செய்யி. சாயங்காலம் நான் தட்டுல வெச்சி எடுத்தாறேன். துக்க வூட்டுக்கு வர்ற தட்ட உங்கம்மா வாணாம்னு சொல்ல முடியுமா?"

"அம்மாவ ஏமாத்துற மாதிரி இருக்குதுக்கா."

"ஏன் ஏமாத்துற? வாளியத் தூக்கிக்கினு அவங்க எதிர்லயே வாயேன்."

அப்படியே செய்தேன். இன்று மத்தியானம் உங்கள் பெயிண்ட் வாளியோடு அம்மா எதிரில் நடந்தேன். அம்மா வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கனமா இருக்கும். ரெண்டு கையால புடி."

மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

செல்வி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எங்க வூட்ல உப்புக்கூட இல்லன்னு கொண்டாந்தியா?" ஜெனி பழம் தேய்த்தாள். வெள்ளையைத் தொடாதே என்று நான் சொல்வதற்கு முன்னால் அவளே சொன்னாள், பழத்திடம். பழைய உப்பு, அதனால் சத்தமே இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அடுப்பின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"என்னாடி, குண்டான்ல போன் பேசுற?" என்றார் செல்வி அக்கா. சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் யாரைப்போல் நிற்கிறேன் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

மூடி திறந்ததும் வாடைக்காற்று வாசனையை எடுத்துக்கொண்டு நேராக நம் வீட்டுப் பக்கம் போனது. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"காத்தக் கட்டியா வெப்ப? உடு," என்றார் செல்வி அக்கா.

ஜெனி சுவரோரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆயா கதவ சாத்தல அத்தே." சாயங்காலமானால் கொசுவுக்குப் பயந்து அம்மா முதல் வேலையாகக் கதவைச் சாத்துவாள். உங்களுக்குத் தெரியாததா.

விளக்கு வைக்கிற நேரம் செல்வி அக்கா தட்டோடு நம் வீட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் ஜெனி.

"பெரிம்மா, தட்டு."

"என்னா இது?"

"பலகாரம்தான். எங்க வூட்ல செஞ்சது."

அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். மேலே மூடியிருந்த துணியை எடுத்தாள். அப்புறம், நான் பயந்தபடியே, அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். பிறகு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"கிராம்பு தூக்கலா இருக்குது," என்றாள். "அவ இவ்ளோ போட மாட்டா."

அவ.

ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் ஈரத்துணியோடு உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

"கிராம்பு சரியாத்தான் இருக்குது. சுக்குதான் கம்மி. அவ சுக்க அள்ளிப் போடுவா."

"நீ கண்டியா? என்னிக்குடா நீ அடுப்படிக்கு வந்த?"

"துன்னவனுக்குத் தெரியாதா?"

"துன்னத் தெரியும் உனக்கு."

எனக்குப் பின்னாலிருந்து ஜெனி, சின்னக் குரலில்: "கிராம்ப மம்மி எண்ணித்தான் போடும். நான் பாத்திருக்கேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தோம். வீட்டுக்குள் வைத்து அவள் அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை நாள்.

"எத்தினி போடுவா?" அம்மா கேட்டாள்.

ஜெனி யோசித்தாள். "ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லியாம். சாட்சி சொல்ல வந்துட்டா. இங்க வா." இழுத்து மடியில் உட்கார வைத்தாள். தட்டு அண்ணன் கைக்கு மாறியது. "உங்கம்மா சுக்க சுட்டுட்டு இடிப்பாளா, அப்பிடியே இடிப்பாளா? அதையாவது சொல்லு."

"சுட்டுட்டு," என்றாள் ஜெனி.

"சுடவே மாட்டா," என்றார் அண்ணன்.

எனக்கும் தெரியாது அண்ணி. இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் நான் பழத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அடுப்பின் பக்கம் சாய்கிற இந்தத் தலை. பதில் வராத இடத்திலும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிற பழக்கம், கொஞ்சம். மற்றது அம்மாவிடம் ஒரு துண்டு, அண்ணனிடம் ஒரு துண்டு, ஜெனியிடம் ஒரு துண்டு. ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருந்தாததால் பேச்சும் நிற்கவில்லை.

சுக்கிலிருந்து நாட்டுச் சர்க்கரைக்குப் போனார்கள். செல்வி அக்காவும் உட்கார்ந்துவிட்டார், அவருக்கும் ஒரு கட்சி இருந்தது. அம்மா உங்கள் பெயரைச் சொல்லி அவரை மறுத்தாள்.

நான் அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் டீ போட்டேன்.