கண் என்று எழுதிய குப்பி

அன்பு மகள் சின்னுவுக்கு,

நாங்கள் இருவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படி இருந்தால் போதும், மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கும் தகுதி இந்தக் கடிதத்துக்குப் பிறகு எனக்கு இருக்காது. அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்தது, வடிந்த மறுநாளே தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடி ஏறிவிட்டார், சொன்னால் கேட்கிற ஆளா.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் கட்டுரையைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு, நம்ம குப்பி கழுவுற அம்மா பொண்ணு எங்க போயிட்டா பாருங்க என்றார், பாராட்டுதான், அதிலும் கழுவுவதை விடவில்லை. புது விரிவுரையாளர் பெண் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். ஆமையின் இமைக்குள் வாழும் தட்டைப்புழு ஒரு வம்சம், மூத்திரப்பையில் வாழ்வது வேறு வம்சம், நம் குளத்து ஆமையின் கண்புழு மட்டும் மூத்திரப்பைப் புழுவுக்குப் பங்காளி, என்றோ அங்கிருந்து கண்ணுக்குக் குடியேறியது என்று கண்டுபிடித்தாயாம். பக்கத்தில் குப்பிச் சீட்டின் படம். கண் என்று என் எழுத்து. அதைப் பார்த்ததும்தான் பழையது நினைவு வந்தது.

அந்த ஆமையை அறுத்தது நான்தான், பேராசிரியர் குனியவே மாட்டார், நாற்றம் ஆகாது. கண்ணில் கிடைத்தது ஒரு குப்பி, மூத்திரப்பையில் கிடைத்தது ஒரு குப்பி. பென்சிலில் எழுதுங்கள் என்றேன், பேனாவால் எழுதிக் குப்பிக்குள் போட்டார். மறுவாரம் ஸ்பிரிட்டில் மை கரைந்து இரண்டு சீட்டும் வெள்ளை. எது எது சார் என்றேன். தோணுறத எழுதும்மா, புழுவா வந்து கேஸ் போடப்போகுது என்றார். எழுதினேன். உன் புழு எங்கும் குடியேறவில்லை சின்னு, நான்தான் குடி மாற்றினேன். மூன்று வருஷம் முன்பு நீ அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டு, அம்மா எழுத்து, இதுல தப்பே இருக்காது என்றாய். அப்போதே நினைவு வந்திருக்க வேண்டும், பெருமையில் வரவில்லை.

மூத்திரப்பை என்று எழுதிய மற்றக் குப்பி அலமாரியிலேயே இருந்தது, அதைச் சோதித்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். அப்பா, கழுவி ஊத்திடு, அடுத்த மாசம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு, யாருக்குத் தெரியப்போகுது என்றார். எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிவரை போனேன். முப்பது வருஷமாகக் கழுவுவதுதான் வேலை, இதைக் கழுவக் கை வரவில்லை. விரிவுரையாளர் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன், உனக்கு அனுப்புவாள், இனி நானே நினைத்தாலும் மறைக்க முடியாது. பேராசிரியருக்கு ஒன்றும் ஆகாது, உதவியாளர் தப்பு என்று கையைக் கழுவிவிடுவார், நாளைக்கு உதவியாளர் மகளை எதற்கு இவ்வளவு தூரம் விட்டோம் என்பார்கள். உன் மூன்று வருஷம் என் ஒரு வார்த்தையில் போயிற்று, எனக்கு ஆறுதல் எழுதாதே, தாங்காது.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் இருக்க வேண்டும். எந்தச் சீட்டானாலும் பென்சிலில் எழுது. இந்தக் கடிதத்தை உன் வழிகாட்டியிடம் காட்டு. குப்பிச் சீட்டில் ஆமையின் பெயர் உண்டு, தேதி உண்டு, பேராசிரியர் பெயர் உண்டு, எழுதியவள் யார் என்பது இல்லை. அதனால் இதில் வேலையோடு சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அம்மா,
ஆய்வக உதவியாளர், விலங்கியல் துறை.