நம் வீட்டுப் பாத்தி

அன்புள்ள உங்களுக்கு,

ஸ்தோத்திரம். நானும் சின்னவளும் சுகம். அவளுடைய இருமல் விட்டுவிட்டது. போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தையும் அப்படி வைத்துவிடலாம்தான், ஆனால் அது என் காதில் விழாது. அதனால் எழுதுகிறேன்.

வெண்டை எக்கச்சக்கமாகக் காய்த்திருக்கிறது. ஆலயத்துக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாகக் கிடந்த இடம் என்று இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுத்து, எல்லோரையும் கல் பொறுக்க வைத்தது நீங்கள்தான். ஒரு மாதப் பயிற்சி என்று கிளம்பும் முன் ஒவ்வொரு பாத்தியிலும் முழங்கால் போட்டு முதல் விதையை ஊன்றினீர்கள். முதல் விதை ஊன்றின கைதான் முதல் காயைப் பறிக்கும், அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க என்று வழக்கம்போல் பிரசங்க மேடையில் சொல்லிவிட்டும் போனீர்கள். சொன்னவருக்கு மறந்துபோயிருக்கலாம். கேட்டவர்களுக்கு மறக்கவில்லை.

ஒரு மாதம் இரண்டாகிவிட்டது. வெண்டைக்காய்க்கு உங்கள் மீட்டிங் எல்லாம் தெரியுமா? நுனியை ஒடித்தால் ஒடியவில்லை, வளைந்தது. பறித்துவிடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஐயா கை வைக்காம நாங்க எப்படிம்மா கை வைக்கிறது, நீங்களே சொல்லுங்க என்றார்கள் சபையார். வயலெல்லாம் வெள்ளத்தில் போன பிறகு அவர்களுக்கு இருக்கிறது இந்தக் காய்தான். சந்தை வண்டிக்காரர் வந்து பார்த்து, வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

இனி லாரி விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. கட்டில், பீரோ, சைக்கிள், இரண்டு பிள்ளைகள், ஒரு பாஸ்டர், அவர் மனைவி. வழி தவறி வந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, தண்ணீர் கொடுத்து, அடுத்த ஊர்ச் சபைக்கு வழி சொன்னேன். எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்றுகூடக் கை நீட்டிக் காட்டினேன். அந்தப் பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மனைவி சின்னப் பெண், பாவம். அடுப்படியில் பையை வைத்துவிட்டு, பாஸ்டர் அண்ணன் போன வருஷமே டவுன் சபையைக் கேட்டு வாங்கிட்டாராமே, உங்களுக்குத் தெரியாதாக்கா என்று கேட்டாள். தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வேன்?

மாற்றல் எனக்குப் புதிதில்லை. நீங்கள் சொன்ன இடத்துக்கெல்லாம் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு முணுமுணுக்காமல் வந்தவள் நான். மேலிடம் அனுப்பியது என்றால் இதற்கும் வந்திருப்பேன். நீங்களே கேட்டீர்களாம், அதுவும் போன வருஷமே. இந்த மழைக்குத்தான், கொல்லையில் எலுமிச்சைக் கன்று வைக்கட்டுமா என்று உங்களைக் கேட்டேன். தாராளமா வை, நாலு வருஷத்துல காய்க்கும் என்றீர்கள். குழிகூட நீங்கள்தான் தோண்டிக் கொடுத்தீர்கள். நேற்றுவரைக்கும் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். என்னை நன்றாக ஏமாற்றிவிட்டீர்கள்.

ஐயா எப்ப வர்றார் என்று கேட்டவர்களிடம் ஐந்து நாள் சமாளித்தேன். வருவார், வந்துகொண்டே இருக்கிறார், அதுவரைக்கும் ஆராதனை நடத்த இவரை அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். உங்களுக்காகப் பொய் சொல்கிறோமே என்று முதலில் கூசியது. போகப்போகக் கூசவில்லை. அதற்குத்தான் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து சொல்லிவிட்டேன். ஐயா வரமாட்டார், அவராகக் கேட்டுத்தான் போயிருக்கிறார், என்னிடமும் சொல்லவில்லை என்றேன். எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு பேசுகிறவர், பாத்திகளுக்குத் தண்ணீர் விடும் நம் கிணற்றுக்காரர், எழுந்தார். அப்போ விதை ஊன்றும்போதே ஐயாவுக்குத் தெரியுமாம்மா என்று கேட்டார். அவரிடமே கேளுங்கள் என்றேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

புதிய பாஸ்டர் நல்ல மாதிரி. இவர் முதல் காயைப் பறிக்கட்டுமே என்றேன். இது என் கை ஊன்றினதில்லையேம்மா என்று அவரே ஒதுங்கிவிட்டார். கடைசியில் தையற்கார அக்காதான் என் கையைப் பிடித்துப் பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீங்க பறிங்கம்மா, நீங்க எங்களை விட்டுட்டுப் போகலையே என்றார். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு காய் பறித்தேன். ஜெபம் செய்யச் சொன்னார்கள், அதைப் புதிய பாஸ்டரிடம் விட்டுவிட்டேன். பிறகு எல்லோரும் இறங்கிப் பறித்தார்கள். பாதிக்கு மேல் நாராகிப்போயிருந்தது. அதையெல்லாம் விதைக்கு என்று செடியிலேயே விட்டிருக்கிறோம்.

சாமான் ஏற்ற நீங்கள் பேசிவைத்த லாரி நேற்று வந்தது. உங்கள் அங்கி, புத்தகங்கள், மேசை விளக்கு, செருப்பு எல்லாவற்றையும் கட்டி அனுப்பியிருக்கிறேன். விளக்கைத் துணி சுற்றித்தான் வைத்தேன், பார்த்துப் பிரியுங்கள். வேறு எதுவும் அதில் இல்லை, தேட வேண்டாம். வீட்டை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு நானும் சின்னவளும் தையற்கார அக்காவின் பின்னறைக்கு வந்துவிட்டோம்.

நம் வீட்டுப் பாத்தியில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அது உங்களுக்காக அப்படியே நிற்கிறது. காய் வெடித்து விதை கொட்டுவதற்குள் ஒரு தடவை வாருங்கள். வந்து, பறிக்காவிட்டாலும் பரவாயில்லை, கிணற்றுக்காரர் கேட்டதற்கு அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். என்னிடம் சொல்ல வேண்டியதை அதற்குப் பிறகு சொல்லலாம். நான் இங்கேதான் இருப்பேன்.

நீங்கள் போன வழியைக் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். நான் ஜெபிக்கிறது திரும்பி வருகிற வழிக்காக.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி