பெட்டியைத் தொடாத பத்தொன்பது பேர்

பூநகரி
12.02.2024

அன்புள்ள பிரஷாந்தினி,

இங்கு யாவரும் நலம். உன் மகள் ஆரணிக்கு என் முத்தங்கள். நீ கடைசியாக எழுதி எட்டு மாதம். குறை சொல்லவில்லை, நினைவுபடுத்துகிறேன்.

உன் ஆய்வுக்காக நீ அனுப்பிய இருவரும் எங்கள் முன்பள்ளிக்கு வந்து போனார்கள். நிலத்தில் ஓர் உலோகப் பெட்டியை வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அறைக்குள் விட்டு, இரண்டு நிமிடம் படம் பிடித்தார்கள். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் அதைத் தொடவேயில்லை! கையைப் பின்னால் கட்டி, வந்த வழியே பின்னுக்கு நடந்து வாசலுக்கு வந்து, “ரீச்சர், உள்ளுக்கை ஏதோ ஒண்டு கிடக்குது” என்றார்கள். பின்காணியில் கண்ணிவெடிச் சிவப்புப் பலகை இன்னும் நிற்கிறது. இத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியது வீண்போகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தொட்ட மூன்று பேரையும் மறுபடி பழக்குகிறேன்.

நீ கேட்ட ஒப்புதல் படிவங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலப்பிரதிதான் வேண்டும் என்றாய். உன் புண்ணியத்தில் தபாற்கந்தோர்ப் பக்கம் போய் வந்தேன்.

அன்புடன்,
அனோஜா


பேர்கன், நோர்வே
03.06.2024

அன்புள்ள அனோஜா,

படிவங்கள் கிடைத்தன. மிக்க நன்றி. வேலையில் மூழ்கிவிட்டேன், கோபிக்காதே.

முடிவுகள் வந்துவிட்டன. நான்கு நாட்டுப் பள்ளிகளில் உன் பள்ளிக்குத்தான் ஆகக் குறைந்த புள்ளி. தெரியாத பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் ஆர்வம் என்பது எங்கள் அளவுகோல். இங்குள்ள பிள்ளைகள் சராசரியாக ஒன்பது விநாடிக்குள் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். உன்னைப் பிழை சொல்லவில்லை. உனக்குப் புதிய பயிற்சிகள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று செய்து பார். ஆரணியின் பாலர் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு நாள் காட்டுக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு பை கொடுத்து, நிலத்தில் கிடப்பதையெல்லாம் பொறுக்கவிடுகிறார்கள். அதிலிருந்துதான் பாடமே தொடங்குகிறது.

அறிக்கையின் சுருக்கத்தை உங்கள் நிர்வாகக் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
பிரஷாந்தினி


பூநகரி
28.06.2024

பிரஷாந்தினிக்கு,

உன் சுருக்கத்தைக் குழுத்தலைவர் முத்துலிங்கம் ஐயா பெற்றோர் கூட்டத்தில் வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, “எங்கட பிள்ளையள் பின்தங்கினவையாமே? அப்ப நீங்கள் என்னத்தைப் படிப்பிச்சனீங்கள்?” என்று கேட்டார். எழுந்து நின்றேன். அடுத்த தவணைக்கு வேறு ஆசிரியை பார்க்கப்போகிறார்களாம்.

நீ சொன்னபடி பை கொடுத்து அனுப்பலாம். பின்காணியில் பொறுக்க நிறையக் கிடக்கிறது.

போர் முடிந்து 2010இல் மீளக் குடியேறிய நேரம், ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் நாம் இருவரும் தொண்டர் ஆசிரியைகள். கண்ணிவெடியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று நான் தலையில் கை வைத்தபோது நீதான் ஒரு பாட்டுக் கட்டினாய்:

“தெரியாத பொருளைத் தொடமாட்டேன்,
கையைப் பின்னால் கட்டிடுவேன்,
வந்த வழியே திரும்பிடுவேன்,
பெரியவரிடம் சொல்லிடுவேன்.”

நீ மறந்திருப்பாய். நான் அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அதைத்தான் பாடுகிறேன். நீ குறைத்துப் போட்ட புள்ளி உன் பாட்டுக்குத்தான். அதை நினைத்தால் எனக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

என் பிள்ளைகள் ஆர்வமில்லாதவர்கள் அல்ல என்று குழுவுக்கு எழுது. முடியாதென்றால் அதையாவது எழுது.

அனோஜா


பேர்கன்
21.07.2024

என் அனோஜா,

வெட்கமாக இருக்கிறது. சிவப்புப் பலகையைப் பற்றி நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் படிவங்களை எடுத்துக்கொண்டு கடிதத்தை மேலோட்டமாக வாசித்திருக்கிறேன்.

காணொளிகளை நாங்கள் ஒலி இல்லாமல்தான் பார்ப்பது வழக்கம். எந்த மொழிக்காரரும் ஒரே மாதிரிப் புள்ளி இட வேண்டும் என்பதற்காக. உன் கடிதம் வந்த அன்று ஒலியோடு பார்த்தேன். ஒரு சின்னப் பெண் பின்னுக்கு நடந்தபடி முணுமுணுக்கிறாள். இன்னொருவனும். பத்தொன்பது பேரும். பாட்டின் நான்கு வரிகளும் எனக்கு வாயில் வந்துவிட்டன.

ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தால் போதும் என்றார் என் பேராசிரியர். போதாது என்றேன். உன் பள்ளியின் புள்ளிகளை முழுதாக நீக்கிவிட்டேன். என் பட்டம் ஒரு வருடம் பிந்தும், பரவாயில்லை. முத்துலிங்கம் ஐயாவுக்கு எழுதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. பிழை என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொல். நீ என்னை மன்னிக்க வேண்டுமென்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆரணியைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனேன். பையிலிருந்து துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, “அம்மா, இந்தாங்கோ” என்று நீட்டினாள். ஏதோ பழைய வேலியின் துண்டு. இது நோர்வே, இங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு கையும் பின்னால் போய்விட்டன. இரண்டு அடி பின்னுக்கும் வைத்துவிட்டேன்.

பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏனம்மா, இது என்னெண்டு பார்க்க உங்களுக்கு ஆசையில்லையோ?” என்று கேட்டாள்.

உன்,
பிரஷாந்தினி