சிமியோன் அண்ணையின் இரத்தம்

குருநகர்
12.02.1989

அன்பின் அத்தான்,

நானும் மகளும் சுகம். நீங்களும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். மகளுக்குச் சளி விட்டுவிட்டது. பாலர் வகுப்பில் படித்த பாட்டை நாள் முழுக்க வீட்டிலும் படிக்கிறாள். கடலுக்குப் போக இன்னும் கட்டுப்பாடுதான், மீன் விலை ஏறிக்கிடக்கிறது.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நீங்கள் இருக்கும் ஊரில் ஒரு பள்ளிப் பிள்ளையைச் சீரழித்துக் கொன்றுவிட்டார்கள் என்றும், அந்தப் பகுதி ஆண்கள் எல்லோரிடமும் பொலிசார் இரத்தம் கேட்கிறார்கள் என்றும், கைரேகை போல இரத்தத்திலும் ஆளுக்கு ஆள் அடையாளம் இருக்கிறதாம் என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் கொடுத்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் அங்கேயே இருக்கும் எங்கள் ஊர்ச் சிமியோன் அண்ணை தன்னுடைய பெயரிலும் உங்களையே போய்க் கொடுக்கச் சொல்கிறாரே, அதுதான் என் மனதை அரிக்கிறது.

அவருக்கு விசா முடிந்து கனகாலம். பொலிசுக்கு முன்னால் போய் நின்றால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் நியாயம்தான். நீங்கள் இங்கே இருந்த காலத்தில் கோயில் வளவில் ஆமி உங்களை வரிசையில் நிறுத்தி, ஆட்களைக் காட்டிக்கொடுக்கச் சாக்கால் முகம் மூடி வந்த தலையாட்டி உங்களைப் பார்த்துத் தலையாட்டியபோது, "இவன் என்னோடை கடலிலை நிண்டவன்" என்று முன்னுக்கு வந்தவர் அவர். உங்களோடு சேர்ந்து அடியும் வாங்கினார். அவர் கேட்டு நீங்கள் மறுப்பது லேசில்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அத்தான், நாங்கள் நம்புவது செத்த பிள்ளையின் தாய்க்குப் போதாது. பக்கத்து வீட்டு ஸ்ரெல்லாவைப் பற்றைக்குள் பிணமாகக் கண்டெடுத்த பிறகு இங்கே ஒருவரும் விசாரிக்க வரவில்லை. அவளுடைய தகப்பன் இன்னாசித்தம்பி மாமா இன்றைக்கும் ரோட்டால் போகிற ஒவ்வொரு ஆம்பிளையின் முகத்தையும் நின்று பார்க்கிறார். உங்கள் தம்பி வந்தாலும் அப்படித்தான் பார்க்கிறார். யாரென்று தெரியாதபடியால் அவருக்கு எல்லாரும் அவன்தான்.

அந்தத் தாயையும் அப்படி ஆக்கிவிடாதீர்கள். நான் மறித்ததாகவே சிமியோன் அண்ணையிடம் சொல்லுங்கள். என்னைக் கோபித்தால் கோபிக்கட்டும். அவர் தானே போகட்டும், நீங்கள் கூடப் போங்கள்.

உங்கள்
பெர்னடெட்


குருநகர்
30.07.1989

அன்பின் அத்தான்,

நாங்கள் சுகம். வெயிலுக்குக் கிணறு உவராகிவிட்டது, நல்ல தண்ணீருக்குத் தூரம் போகவேண்டும்.

சிமியோன் அண்ணை தானே போய் இரத்தம் கொடுத்தார், அவர் இல்லை என்று பொலிசாரே சொல்லிவிட்டார்கள் என்று வாசித்ததும், மெழுகுதிரி கொளுத்தக் கோயிலுக்குப் போகவென்று எழும்பினேன். மிச்சத்தை வாசித்துவிட்டு இருந்துவிட்டேன். இரத்தம் கொடுத்த அன்று அவர் பொலிசில் சொன்ன முகவரிக்கே குடிவரவு அதிகாரிகள் வந்து அவரைக் கொண்டுபோனார்களாமே. கொலைகாரனைத் தேட மட்டும்தான் என்று சொல்லித்தானே இரத்தம் வாங்கினார்கள்? அந்தச் சோதனையால்தான் கொன்றவன் அகப்பட்டான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சந்தோசப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

அவருடைய தாய் திரேசம்மா மாமியிடம் போனேன். மறைக்க மனம் வரவில்லை. உங்களை மறித்தது நான்தான் என்று சொன்னேன். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "உன்ரை மனுசன் குடுத்திருந்தா என்ரை பிள்ளை அங்கை இருந்திருப்பான்" என்றார். ஓம் என்றேன்.

நான் எழுதியது பிழை என்று இன்னும் நினைக்கவில்லை. ஆனால் நெஞ்சு ஆறவில்லை. எந்த நேரமும் அவரைக் கொழும்புக்கு ஏற்றிவிடலாம் என்கிறீர்கள். கொழும்பிலிருந்து இங்கே வந்துசேர எத்தனை இடத்தில் ஆமிக்காரர் மறித்து இறக்கிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பின்னேரங்களில் மாமி வீட்டுக்குப் போகிறேன். அவர் என்னோடு கதைப்பதில்லை. போ என்று சொல்வதுமில்லை. கொஞ்சநேரம் பக்கத்தில் இருந்துவிட்டு வருகிறேன்.

நீங்களும் சிமியோன் அண்ணையை வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். முகம் தரமாட்டார் என்று பயப்படுகிறீர்கள். தராவிட்டாலும் பரவாயில்லை. ஏதாவது நல்ல சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பார்க்க விடுகிற நேரம் முடியும் வரைக்கும் அவருக்கு முன்னால் இருங்கள். எழும்பி வந்துவிடாதீர்கள்.

மாதா உங்கள் இருவரையும் ஒரே சால்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உங்கள்
பெர்னடெட்