பெட்ரோல் வாசனை

என் செல்லச் சின்னவளுக்கு அம்மா ஆசையோட எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன். இங்க எங்க ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்ல, எனக்குத்தான் நாலு நாளா ஒரே கவலை. போன்ல சொல்லலாம்னா உங்கப்பா பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார், அதான் கடுதாசி.

லீவு முடிஞ்சு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது, அதுக்குள்ள பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற நம்ம கிழட்டு வேனுக்குப் பெயிண்ட் அடிச்சே ஆகணும்னு அவர் ஒத்தைக்கால்ல நின்னார். கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் நீளமா ஓடுதே கறுப்புப் பட்டை, அதைக் கழட்டாம அடிச்சா ஓரம் அசிங்கமா தெரியும்னு, பழைய கத்தியில துணியைச் சுத்தி நெம்பி நெம்பிக் கழட்டினார். அதைப் பிடிச்சிருந்த பிளாஸ்டிக் கிளிப்பையெல்லாம் ஒரு டப்பா மூடியில போட்டு வாசப்படி ஓரம் வெச்சிருந்தார். நான்தான்டி பாவி, ஏதோ உடைசல்னு பெருக்கிக் குப்பை வண்டியில கொட்டிட்டேன். அவர் உடனே வண்டி சாமான் கடைக்கு ஓடினார். இந்த வண்டிக்கெல்லாம் இப்போ யாருங்க கிளிப்பு செய்யறான்னு கடைக்காரன் சிரிச்சானாம். உடனே இவர், கிளிப்பு என்ன பெரிய கிளிப்புன்னு விரல் நீளத்துக்கு ஸ்க்ரூ வாங்கிட்டு வந்து, தகட்டுல துளை போட்டுப் பட்டையை முடுக்கிட்டார். பொய் சொல்லக் கூடாது, பார்க்க ஜம்முனுதான் இருக்கு.

மறுநாள் சீட்டைத் துடைக்க ஏறினேன், குப்புனு பெட்ரோல் நெடி. குனிஞ்சு பார்த்தா பின்சக்கரத்துக்கு முன்னாடி தரையில உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அந்தப் பக்கமாத்தான் பெட்ரோல் குழாய் போகுதுன்னு சின்ன வயசுல நீதானே வண்டிக்கடியில படுத்துக்கிட்டு எனக்குக் காட்டினே. ஸ்க்ரூ அதைக் குத்தியிருக்கும்னு சொன்னேன். போன வருஷக் காய்ச்சலோட மூக்கு போன மனுஷன், குழம்பு தீஞ்சாலே தெரியாது, அவர் எனக்குச் சொல்றார் அது பெயிண்ட் வாசனைடின்னு. ஈரம் நான் கழுவின தண்ணியாம். மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னா, முப்பது வருஷமா வண்டி ஓட்டறவனுக்கு அவன் வந்து சொல்லணுமான்னு எகிறினார். பன்னெண்டு பிள்ளைங்கடி, ஒரு பொறி பட்டா என்ன ஆகும்! கதவோரம் உட்கார்ற அந்த ஓட்டைப்பல் குட்டி தினமும் எனக்கு டாட்டா காட்டும்.

இப்போ வேன் சாவியைக் காணோம்னு உங்கப்பா வீட்டையே தலைகீழாப் புரட்டிக்கிட்டிருக்கார். நானும் கூடவே கட்டிலுக்கடியில தேடினேன். இத்தனை வருஷத்துல அவர்கிட்ட இப்படி நடிச்சதே இல்லடி. மாத்துச் சாவியை நீ எப்பவோ தொலைச்சதுக்கு அன்னைக்கு எவ்வளவு திட்டினேன், அதையெல்லாம் இப்போ வாபஸ் வாங்கிக்கறேன்.

ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம சேர்ந்து சிரிச்சுக்கிட்டு இருங்க. வேளைக்குச் சாப்பிடு. இது கிடைச்சதும் அப்பாவுக்குப் போன் போடு, நீ சொன்னா கேட்பார். உறையைத் தூக்கிப் போட்டுடாதே, அடியில பஞ்சு சுத்தி வெச்சிருக்கறதுதான் சாவி. மெக்கானிக் பார்த்துச் சரி பண்ணிட்டான்னு அவர் வாயால சொன்ன பிறகு திருப்பி அனுப்பு.

உன்னை நம்பியிருக்கும்,
பயந்தாங்கொள்ளி அம்மா