வலப்பக்கம் சுற்றும் பன்னிரண்டு பிள்ளைகள்

என் ஒரே அக்காவுக்கு,

நீண்ட யோசனைக்குப் பிறகு, எவருடைய வற்புறுத்தலுமின்றி, முழு நினைவோடு நான் எடுத்த முடிவொன்றை உனக்கு முறைப்படி அறிவிக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஸ்கேட்டிங் வகுப்பில் பிள்ளைகள் இனி இடப்பக்கம் சுற்றித் தாவுவார்கள்.

பனியில் தாவுகிறவர்களில் பெரும்பாலானோர் இடப்பக்கம்தான் சுற்றுகிறார்கள். இடக்கைக்காரியான நீ வலப்பக்கம் சுற்றினாய். அம்மா சோற்றுக்கு உன்னை வலக்கைக்கு மாற்றினா. எழுத்துக்கும் மாற்றப் பார்த்துத் தோற்றுப்போனா. கால்களைப் பற்றி அவ யோசிக்கவே இல்லை. நீ முன்னால் தாவிக் காட்டினாய். எங்கள் பியோர்ண்டால் பகுதிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்து அப்படியே தாவினார்கள்.

நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிவிட்டது. இந்த ஏழு மாதமும் அவர்களுடைய ஸ்கேட்டுகளுக்கு முடிச்சுப் போடுகிறவள் நான். ஆனாலும் மற்றப் பயிற்சியாளர்கள் தூரத்தில் கண்டதுமே “உன் அக்காவின் பிள்ளைகள்” என்கிறார்கள். என் முடிவைப் பொறாமை என்று சிலர் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

முதல் செவ்வாயன்று விளக்கத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இடக்காலில் முன்னோக்கி வா, வலக்காலை வீசு, காற்றில் அரைச் சுற்று, வலக்காலில் பின்னோக்கி இறங்கு, கைகளை விரித்து மூன்று எண்ணும்வரை நில். பிள்ளைகள் கேட்டார்கள், தலையாட்டினார்கள், வலப்பக்கம் சுற்றினார்கள்.

தலைமைப் பயிற்சியாளர்தான் வழி சொன்னார். உடை மாற்றும் அறையில் சாதாரணச் சப்பாத்தோடு ஒவ்வொரு பிள்ளையையும் தாவித் திரும்பச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் தானாகத் திரும்புகிறதோ, அதுதான் அந்தப் பிள்ளையின் பக்கம். முதல் நாளே செய்ய வேண்டிய சோதனையாம். நீ செய்யவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு பேரும் இடப்பக்கம் திரும்பினார்கள். என் மகள் மதுராவும்தான்.

மூன்று கிழமைக்குள் பதினொரு பேர் மாறிவிட்டார்கள். மதுரா மாறவில்லை. தடுப்போரம் கூட்டிப்போய்க் கேட்டேன்.

“நிலத்திலை இடப்பக்கம்தானே திரும்பினனீ?”

“ஓம்.”

“அப்ப ஐஸிலை ஏன் மற்றப் பக்கம்?”

“பெரியம்மா அப்பிடித்தான் சொல்லித் தந்தவா.”

“இப்ப நான்தானே சொல்லித் தாறன்?”

“நீங்கள் விக்கார்தானே அம்மா.”

ஆசிரியர் வராத நாளில் பதிலுக்கு வருகிறவரைப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொன்னாள். பிறகு கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்:

“எல்லாரும் உங்கடை பக்கம் மாறினா, பெரியம்மாவின்ரை பக்கத்தை ஆர் செய்யிறது?”

இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? அவளைப் பெற்றவள் நான், சோறு தீத்தியவள் நான், காய்ச்சலில் கிடந்தபோது வேலைக்கு லீவு போட்டவள் நான். நீ செவ்வாய்க்கு ஒரு மணித்தியாலம் அவளோடு தாவினாய். அவள் இறங்கி நின்று மூன்று எண்ணும்போது நீ உள்ளே வரும் வாசல் பக்கம் பார்க்கிறாளே, அங்கே நான் ஒருநாளும் நிற்பதில்லையே, அக்கா.

இயல்புக்கு மாறான பக்கம் சுற்றினால் அவள் பெரிய தாவல்களுக்குப் போவது கடினம் என்றார் தலைமைப் பயிற்சியாளர். போகாவிட்டால் போகட்டும் என்று என் வாயால் சொன்னேன். என் முடிவை நான் கைவிட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஆனால் அவளுக்கு முன்னால் ஒருவர் நின்று காட்ட வேண்டுமே. போன சனிக்கிழமை, நாற்பத்திரண்டு வயதில், வலக்காலில் கிளம்பி இடக்காலில் இறங்கப் பழகினேன். முதலாவது தாவல் தாவலே அல்ல. இரண்டாவதில் இரண்டு காலும் ஒன்றாக இறங்கின. மூன்றாவதில் விழுந்தேன். மதுரா சறுக்கி வந்து, குனிந்து பார்த்து, “கையை விரிச்சு மூண்டு எண்ணேல்லை நீங்கள்” என்றாள். பிறகுதான் அழுதாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் தானாக மாறும்வரை உன் பக்கத்தை நான் காட்டுவேன். மாறாவிட்டாலும் காட்டுவேன். நாலாவது தாவலை ஆறு கிழமைக்குப் பிறகு, வலது மணிக்கட்டில் போட்ட மாவுக்கட்டு வெட்டியதும் தொடங்குவேன்.

இந்தக் கடிதத்தை இடக்கையால் எழுதினேன்.

உன் தங்கை,
சுகந்தி