வெள்ளேறு நீலமான வழக்கு

மழை பொய்க்காத வெண்ணாவல் நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் கோ இளமருதர் திருவுளப்படி, ஓலைநாயகர் பரிதி கீரனார் எழுதுவித்த ஓலை. நாணலாறு கடலோடு கலக்கும் சங்குத்துறையில் வீற்றிருக்கும் தோல் பதனிடுவோர், எண்ணெய் ஆட்டுவோர், சுண்ணாம்பு சுடுவோர் உள்ளிட்ட நகரத்தார் அனைவர்க்கும் மங்கலம் உண்டாகுக. உங்கள் கலங்கள் கரை சேர்க. உங்கள் கிணறுகள் உப்புக் கரியாதிருக்க.

அரசரின் வெள்ளேறு கொம்பு வரை நீலமாகி வாய்திறந்து குறி சொன்னதாக உங்கள் கடைவீதியில் பேச்சு உலாவுவதாய்க் கேள்வி. ஏறு பேசவில்லை. நடந்ததை உள்ளபடி அறிக.

தலைநகராம் மருதவாயிலில், பொன்னேர் பூட்டும் நாளன்று வெள்ளேற்றை ஆற்றோரத்து மடுவில் நீராட்டிய பின்னரே முதற்சால் உழுவது வழக்கம். மடுவுக்குச் சற்று மேலே சாயச்சாலை நடத்துபவள் நக்கன் கொற்றி. அவுரி நீலம் தோய்ப்பதில் அவளுக்கு நிகர் இந்நாட்டில் இல்லை, வாயாடுவதிலும் இல்லை. சாயக்காரர்க்கும் ஒரு வழக்கம் உண்டு. நன்னாளுக்குப் பழைய சாயம் ஆகாதென்று முதல்நாள் மாலையே தொட்டிகளைக் கவிழ்த்துக் கழுவிக் கோலமிடுவார்கள். கவிழ்த்த நீரை ஆறு பார்த்துக்கொள்ளும் என்பது கொற்றியின் எண்ணம். தொட்டிகள் சிலவாய் இருந்தவரை ஆறும் பார்த்துக்கொண்டது. கடல் கடந்த நாடுகளில் அவள் நீலத்துக்குக் கிராக்கி ஏறியதால், சென்ற ஆண்டு தொட்டிகள் முற்றமெல்லாம் நிறைந்திருந்தன, அத்தனையும் ஆற்றில் கவிழ்ந்தன.

அந்தப் பொன்னேர் காலையில் மடுவிலிருந்து கரையேறிய ஏறு இளம்பச்சையாய் இருந்தது. பாசி என்று பூசகர் துடைத்தார். சாயம் காற்றுப் பட்டால்தான் நீலமாகும் என்பதறிந்த கொற்றி மட்டும் கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்தாள். ஊரே பார்த்திருக்க, காதில் தொடங்கி வால் வரை ஏறு நீலமாயிற்று. அதுவோ தன் கோலம் அறியாமல் கம்பீரமாய் நடந்தது. குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அரசரும் மேலாடையால் வாயை மறைத்துக்கொண்டார். அப்போதுதான் மடுவின் ஓரமெங்கும் மீன்கள் செத்து மிதப்பதைப் பரதவர் காட்டினர். சிரிப்பு அடங்கியது. மழைக்காலத்துக்குள் சாயக்குடிகள் யாவரும் ஆற்றங்கரையை விட்டு அகல வேண்டும் என்று ஆணை பிறந்தது.

கொற்றி முதலில் பூசகரோடும் பரதவரோடும் மல்லுக்கு நின்றாள். பிறகு மடுவோரம் சென்று மீன்களைப் பார்த்தவள், பேச்சை நிறுத்திவிட்டு அவைக்கு வந்தாள். அவளை நம்பி ஒரு சேரியே உலை வைக்கிறது. அச்சேரி முழுதும் அவள் பின்னே நின்றது. "கெடுத்தவள் அடியாளே. துரத்தினால் போகிறேன். ஆனால் போகிற இடத்திலும் ஓர் ஆறு இருக்கும், அதையும் கெடுப்பேன். இங்கேயே திருந்த அடுத்த பொன்னேர் வரை தவணை தந்தருள்க" என்று விண்ணப்பித்தாள். அரசர் தவணை தந்தார்.

சாயம் இறக்கிய அவுரித் தழை நல்ல எரு என்பது உழவர் அறிந்தது. அதையும் அவள் அதுவரை ஆற்றில்தான் கொட்டிவந்தாள். இப்போது அத்தழையை வயல்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு மேட்டு நிலம் பெற்றாள். அங்கே குழிகள் வெட்டிக் கழிவுநீரைத் தேக்கி, அடியில் படிந்த நீல வண்டலைச் சுரண்டி மீண்டும் சாயத்துக்கே எடுத்தாள். தெளிந்த நீரைக் கோரைப் பாத்திகளில் நிறுத்தி, பிறகே மெல்ல ஆற்றுக்கு விட்டாள். குழிகள் கொள்ளாத அளவுக்குச் சாயமிட வந்த துணிகளை, வாங்க வந்த கப்பல்காரர் முகம் சுளித்தும், திருப்பி அனுப்பினாள்.

இவ்வாண்டுப் பொன்னேர் வந்தது. முதலில் ஏற்றை இறக்கிச் சோதிக்கலாம் என்றார் இவ்வோலைநாயகர். வாயில்லாச் சீவனுக்கு எதற்கு இந்தப் பாடு, பிழை செய்தவளே இறங்குகிறேன் என்று கொற்றி வெள்ளைச் சேலையுடன் மடுவில் மூழ்கி எழுந்தாள். கரையேறியதும் நகராமல் காற்றில் நின்றாள். சென்ற ஆண்டுப் பாடத்தை மறவாத ஊரும் சேலையையே பார்த்து நின்றது. சேலை உலர்ந்தது, வெள்ளையாகவே உலர்ந்தது. முந்தானை மடிப்பில் சிக்கிய கெண்டைக் குஞ்சு ஒன்று துள்ளியது. ஊர் வாயை அடைக்கும் கொற்றி அதை மடுவில் விட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சாயக்குடிகளுக்கிட்ட பழைய ஆணை அப்பொழுதே அழிக்கப்பட்டது.

இனி உங்களுக்கு இட்ட ஆணை. தோற்கிடங்கு, செக்கு, காளவாய் எதுவாயினும், அதன் நீர் ஆற்றில் விழும் வாயிலில், வரும் பொன்னேர் காலை அதன் உடையவர் வெள்ளை உடுத்தி மூழ்கி எழ வேண்டும். வேலையாளை அனுப்புதல் செல்லாது. காய்ச்சல் என்று சொல்லுதலும் செல்லாது. அரண்மனை மடைப்பள்ளியின் கழிநீர் வாயிலில் அரசரும் மூழ்குவார். உடன் மூழ்கப் பணிக்கப்பட்ட ஓலைநாயகர் இப்பொழுதே அவ்வாய்க்காலை நாள்தோறும் எட்டிப்பார்த்து வருகிறார். உங்கள் கழிவுநீர் பளிங்கு போன்றதென்று நீங்கள் முன்னர் விடுத்த விண்ணப்பம் அரசர்க்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. ஆகவே இந்நீராட்டு உங்களுக்கு இன்பமாகவே இருக்கும்.

நாணலும் கெண்டையும் பொறித்த இலச்சினை இட்டோம். ஆறு உள்ளவரை இவ்வாணை நிற்பதாகுக. கொற்றி தன் கையால் மடித்து, சாயம் தோய்க்காமல் கொடுத்த வெள்ளாடைகள், ஆளுக்கொன்றாக, இவ்வோலையுடன் வருகின்றன. இடுப்பளவு சரிதானா என்று இன்றே உடுத்திப் பார்த்துக்கொள்க.